சட்டப்படி மூடிய குழி

வீரணன் ஒரு குழியை மூடிவிட்டான் என்று கேள்விப்பட்டபோது சீனிச்சாமிக்குக் கோபம்தான் வந்தது.

சந்தோஷப்படவேண்டிய செய்தியாயிற்றே, கோபம் எதற்கு என்று கேட்பவர்கள் வீரணனை அறியாதவர்கள். போடிநாயக்கனூரில் சரளைக்கல் கான்ட்ராக்டர் என்றால் அவன் ஒருவன்தான். சிலமலையிலிருந்து ராசிங்காபுரம் வரைக்கும் அவன் தோண்டிப் போட்ட பள்ளங்கள் மழைத்தண்ணீர் நிரம்பிப் பாசி பிடித்துக் கிடந்தன. அவன் வாங்கும் பெர்மிட்டில் எல்லாம் அழகாகத்தான் எழுதியிருக்கும். இவ்வளவு ஆழத்துக்கு மேல் போகக்கூடாது, சுற்றிலும் வேலி போடவேண்டும், மேல் மண்ணைத் தனியாக ஒதுக்கி வைக்கவேண்டும், சரளை எடுத்து முடிந்ததும் குழியை நிரப்பி அந்த மேல் மண்ணையே பரப்பி உழுகிற நிலமாகப் பட்டாதாரரிடம் திருப்பித் தரவேண்டும். வீரணன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். மேல் மண் செங்கல் சூளைக்குப் போகும், சரளை ரோட்டுக்குப் போகும், குழி மட்டும் ஊருக்கு. அதில் ஆடு விழுந்தது, உழவு மாடு விழுந்தது. போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு குழந்தையும் விழுந்தது.

அந்தக் குழந்தையைப் பெற்றவள்தான் இப்போது துப்பறியும் சீனிச்சாமியின் மாடி அறையில் நின்றுகொண்டிருந்தாள். சிலமலைக் கருத்தம்மாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எம்புருசன் மொக்கையன் ஆவணி மாசம் மலைக்கு வேலைக்குப் போனாரு. இன்னிக்கு வரைக்கும் வரல," என்றாள்.

"யாருகிட்ட வேலை?"

"வீரணன்கிட்டதான். மேட்டு ரோட்டை அகலப்படுத்துறாகள்ல, அங்க."

"உங்க பிள்ளை விழுந்து செத்ததே அவன் தோண்டுன குழியில. அவன்கிட்டயே வேலைக்குப் போனாரா?"

"வயக்காடு பூராம் குழியாப் போச்சு. வேற என்ன சோலி இருக்கு எங்களுக்கு? கூடவே இருந்தா ஒரு நாளாவது குழியை மூடச் சொல்லிக் கேக்கலாம்னு போனாரு. ஒரு வருசமா அவன் பின்னாலயே அலைஞ்சாரு." அவள் குரலில் அழுகை இல்லை. "இப்ப என்னடான்னா, ராசிங்காபுரத்துக்காரி சுந்தரம்மாளைக் கூட்டிக்கிட்டு மலையாளத்துப் பக்கம் ஓடிட்டாருன்னு சொல்றாக. மலையில ஏலக்காய் எடுக்கப் போனவ அவ. அவளும் ஆவணியில இருந்து காணோம்."

"யாரு சொல்றாக?"

"மொத மொத வீரணன் சொன்னான். அப்புறம் ஊரே சொல்லுது. குழாயடியில என்னைப் பாத்தா பேச்சை நிப்பாட்டுறாக. அந்தச் சுந்தரம்மாளை வையாத நாளில்ல நான். காலையில எந்திரிச்சதும் அவ பேரைச் சொல்லி ஒரு வசவு, படுக்கும்போது ஒரு வசவு." மூச்சு விட்டுக்கொண்டாள். "எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்யா. ஓடிட்டாரா, செத்துட்டாரா?"

அறையின் மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பேச்சி வாயைத் திறந்தாள். "ஓடியிருந்தா நானே போய் இழுத்துட்டு வர்றேன், கவலைப்படாத. எங்க கொழுந்தனாரு ஜீப்புல போனா பிடிக்க முடியாது. நடந்துதான் போகணும், அதுதான் வெரசா போகும்."

பேச்சி, சீனிச்சாமிக்கு மதினி. அண்ணன் கண்ணுச்சாமி மலையில் ஏலத்தோட்டக் கங்காணி, எப்போதாவதுதான் கீழே இறங்குவான். தனிக்கட்டையான கொழுந்தனுக்குச் சோறு பொங்கிப் போட வந்தவள், வந்த இடத்தில் கேஸ் விசாரிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். பெண்கள் போலீஸிடம் சொல்லாததை அவளிடம் சொன்னார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மலையில் ஏலக்காய் எடுத்தவள் என்பதால் மேட்டுக் காடும் அவளுக்குத் தெரியும். கொழுந்தனைக் கேலி செய்வது மதினியின் உரிமை என்பதால் அந்த உரிமையில் ஒரு துளிகூட அவள் வீணாக்குவதில்லை.

கருத்தம்மாள் சிரிக்கவில்லை. "அவரு காணாமப் போன கொஞ்ச நாள்ல வீரணன் எங்க குழியை மூடிட்டான். ராவும் பகலும் லாரியில மண்ணைக் கொண்டாந்து கொட்டுனான். அந்த மனுசன் ஒரு வருசமாக் கெஞ்சுனது. அதைப் பாக்க அவருதான் இல்ல."

இந்த இடத்தில்தான் சீனிச்சாமி எழுந்து நின்றான்.

அவன் துப்பறிகிறவன் ஆவதற்கு முன்னால் சர்க்கார் சர்வேயராக இருந்தவன். வீரணனின் குழி ஒன்றைச் சங்கிலி போட்டு அளந்து, பெர்மிட்டில் உள்ள ஆழத்தைவிட மூன்று பங்கு இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதினான். மறு மாதமே ராமநாதபுரத்துக்கு மாற்றல் வந்தது. மாற்றலைக் கிழித்துப் போட்டுவிட்டு ஊரோடு இருந்துவிட்டான். ஆகவே வீரணன் விஷயத்தில் அவன் நடுநிலையாளன் அல்ல. அதை அவன் மறைத்ததும் இல்லை.

"எந்த விதியையும் மதிக்காத பயல் ஒரே ஒரு விதியை மட்டும் மதிச்சிருக்கான், மதினி," என்றான், கருத்தம்மாள் படியிறங்கிப் போன பிறகு. "அதுவும் காணாமப் போனவனோட குழியில."

பேச்சி வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "மொக்கையன் உள்ள கெடக்கான்னு சொல்றீகளா?"

"அப்படித்தான் தோணுது. கிளம்புங்க."

*

சிலமலையில் அந்த நிலம் மட்டும் ஒரு தினுசாக இருந்தது. சுற்றிலும் செம்மண். நடுவில் மொக்கையனின் நிலம் மட்டும் கறுப்பாக, ஈரமாக, மெத்தென்று இருந்தது. ஐப்பசி மழைக்குக் களைகள் முளைத்திருந்தன. அடுத்தடுத்து இருந்த மற்றக் குழிகளில் தண்ணீர் நிறைந்து நின்றது. வேலி எதிலும் இல்லை.

சீனிச்சாமி ஜீப்பிலிருந்து மண்வெட்டியை இறக்குவதற்குள் வீரணனின் கார் வந்து நின்றது. ஊரில் யாராவது ஆள் விட்டிருப்பார்கள். வீரணன் வெள்ளை வேட்டி மண்ணில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினான். பின்னால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இறங்கினார். கான்ட்ராக்டரின் காரில் வந்தோமே என்ற கூச்சம் அவர் முகத்தில் இல்லை.

"வாங்க சர்வேயரே," என்றான் வீரணன். "குழியை மூடலைன்னு ஒரு காலத்துல எழுதுனீக. இப்ப மூடிட்டேன். ஜில்லாவுலயே விதிப்படி குழியை மூடுன மொத ஆளு நான்தான். மாலை கொண்டாந்திருக்கீகளோன்னு பாத்தா மண்வெட்டி கொண்டாந்திருக்கீக."

"மாலை வாங்கத்தான் போனோம்," என்றாள் பேச்சி. "உங்க கழுத்துக்கு அளவு தெரியல. கயிறுன்னா எல்லா அளவுலயும் கெடைக்குதாம்."

வீரணன் அவளைப் பார்க்கவே இல்லை. சீனிச்சாமி கேட்டான்: "மண்ணு எங்கருந்து வந்துச்சு?"

"இதென்ன கேள்வி. இந்த நிலத்து மேல் மண்ணுதான். ஒதுக்கி வச்சிருந்து திரும்பப் பரப்புனேன். விதி அப்படித்தான சொல்லுது?"

"நான் பார்வையிட்டுக் கையெழுத்துப் போட்டாச்சு," என்றார் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். "நிலம் பட்டாதாரருக்கு ஒப்படைச்சதா ரிக்கார்டு. இனிமே இதுல மண்ணைத் தொடணும்னா பட்டாதாரர் சொல்லணும். நீங்க தொட்டா அது அத்துமீறல்."

"பட்டாதாரரைத்தான் காணோமே?"

"வரட்டும். வந்து சொல்லட்டும்."

சீனிச்சாமிக்குக் காது மடல் சூடாகியது. அந்தக் காகிதங்களுக்காக அவன் தன் உத்தியோகத்தையே விட்டிருக்கிறான். குழந்தை விழுகிற வரைக்கும் தூங்கிய விதி, குழிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவன் கேட்டதும் விழித்துக்கொண்டு குறுக்கே நிற்கிறது. யாருக்காக எழுதினார்களோ அவர்களுக்கு எதிராகவே அதை நிறுத்திவைக்க இந்த இரண்டு பேரால் முடிகிறது. மண்வெட்டிக் காம்பை இறுகப் பிடித்தான். அதைக் கீழே போடாவிட்டால் வேறு எங்காவது போட்டுவிடுவோம் என்று பயந்து ஜீப்புக்குள் எறிந்தான்.

கார் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது. பேச்சி நிலத்தின் நடுவில் இருந்து மெதுவாக நடந்து வந்தாள். வரப்பில் உட்கார்ந்து கணுக்காலுக்கு மேலே சேலையை லேசாக ஒதுக்கினாள். ரத்தம் ஒரு கோடாக வழிந்திருந்தது.

"முள்ளா?" என்றான்.

"முள்ளு இம்புட்டுக் குண்டா இருக்குமா? பாருங்க."

ரத்தம் குடித்துப் பருத்த அட்டை ஒன்று காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பேச்சி பதறவில்லை. வாயில் குதப்பிக்கொண்டிருந்த புகையிலைச் சாற்றை விரலில் தொட்டு அதன்மேல் வைத்தாள். அது சுருண்டு விழுந்தது. ஏலத்தோட்டத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான்.

"மலையில இருந்தப்ப தெனமும் ரெண்டு மூணு பிடுங்கிப் போடுவேன்," என்றாள். "கல்யாணம் முடிஞ்சு கீழ வந்த பிறகு என் ரத்தத்தைக் குடிச்சது உங்க அண்ணன் மட்டும்தான். சிலமலைச் செம்மண்ணுல அட்டை எப்படிய்யா வரும்?"

சீனிச்சாமி அவள் பக்கத்தில் குந்தினான். அவள் களைகளுக்கு நடுவிலிருந்து நீளமான இலை ஒன்றைக் கிள்ளிக் கசக்கி அவன் மூக்கருகே நீட்டினாள். போடியில் வளர்ந்த எவனுக்கும் அந்த வாசனை தெரியும்.

"ஏலம்," என்றான்.

"ஏலந்தான். அங்கங்க மொளைச்சிருக்கு. விதைச்சு வந்ததில்ல, தூரு மண்ணோட சேந்து வந்திருக்கு."

"இந்த நிலத்து மேல் மண்ணுதான்னு சொன்னான்."

"பொய் சொல்றவன் மண்ணைச் சலிச்சாவது கொட்டியிருக்கணும்."

சீனிச்சாமி யோசித்தான். மேல் மண் எப்போதோ சூளையில் செங்கல்லாகிவிட்டது. அது சரி. ஆனால் குழியை நிரப்ப மண் வேண்டுமென்றால் பக்கத்துக் கண்மாயில் வண்டல் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு மலையிலிருந்து லாரி லாரியாக ஒருவன் மண் சுமந்து இறக்குவானா? இங்கே குழி நிரம்பவேண்டும் என்பது அவன் நோக்கமாக இருக்க முடியாது. மேலே எங்கோ கிடந்த மண் அங்கே இருக்கக்கூடாது என்பதுதான் நோக்கம்.

"வீரணன் லாரியெல்லாம் மேட்டு ரோட்டுலதான ஓடுது," என்றான்.

"அப்ப மேட்டுக்கு விடுங்க. பாதி வழியில நின்னா இறங்கித் தள்ள எனக்குத் தெம்பு இருக்கு, அட்டை கொஞ்சந்தான் குடிச்சிருக்கு."

*

அடிவாரத்து ஊரான முந்தலைத் தாண்டியதும் ரோடு மலைமேல் ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பு இருமியது. வீரணனின் ஆட்கள் அகலப்படுத்திய இடங்களில் மேலிருந்த கறுப்பு மண் உரிந்து மலையின் விலாவில் செக்கச் செவேலென்று வெட்டுக்காயங்கள் தெரிந்தன. கீழே இருந்து சரளை கொண்டுவந்து போடுவதுதான் கான்ட்ராக்ட். அதற்குத்தான் அவனுக்குப் பெர்மிட். ஏலக்காட்டுச் சரிவில் கை வைக்க யாருக்கும் பெர்மிட் கிடையாது, கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள். மரத்தையும் மண்ணையும் அசைத்தால் மலையே கீழே வந்துவிடும்.

"நிப்பாட்டுங்க," என்றாள் பேச்சி ஒரு வளைவில்.

ரோட்டோரச் சரிவில் பெரிய அகலத்துக்கு இளம் ஏலச் செடிகள் நட்டிருந்தார்கள். பார்க்கப் பச்சையாக, அழகாக இருந்தது. சீனிச்சாமிக்கு அதில் ஒன்றும் தப்புத் தெரியவில்லை.

"மேல பாருங்க," என்றாள் பேச்சி. "மரம் எங்க?"

அண்ணாந்து பார்த்தான். இரண்டு பக்கமும் நெடு நெடுவென்று மரங்கள் நிழல் கவிந்து நின்றன. அந்த அகலத்துக்கு மட்டும் வானம் திறந்திருந்தது. செடிகளின் இலை நுனி கருகியிருந்தது.

"நிழல் இல்லாத இடத்துல ஏலம் வைக்கிறவன் இந்த மலையில பொறக்கல. மரத்தோட சேந்து சரிவு கீழ வந்திருக்கு. அதை மறைக்கப் பச்சையா எதையாவது வைன்னு ஒருத்தன் சொல்லியிருக்கான். அவன் ஏலத்தைக் கடையில மட்டும் பாத்தவன்."

சீனிச்சாமி மேலே ஏறினான். சற்று உயரத்தில் ஒருவன் குடத்தில் தண்ணீர் சுமந்து செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தான். தலைப்பாகையை முகம் மறைக்க இறக்கிக் கட்டியிருந்தான். காவல்காரனாக இருக்கவேண்டும்.

"தோட்டம் யாருது?"

"முதலாளிது," என்றான் அவன், நிமிராமல்.

"உன் பேரு?"

"சின்னச்சாமி. இங்கனதான், மலைக்காரன்."

சீனிச்சாமி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலடியைப் பார்த்தான். ஒவ்வொரு வரிசைச் செடிக்கும் நான்கு பக்கமும் வரப்புப் பிடித்து, மூலை மடக்கி, தண்ணீர் பாய வாய் விட்டு, கச்சிதமாகப் பாத்தி கட்டியிருந்தது. வெங்காயத்துக்கும் கேழ்வரகுக்கும் சிலமலையில் கட்டுகிற பாத்தி. தண்ணீர் தானாக ஓடி இறங்குகிற மலைச்சரிவில் எந்த மலைக்காரனும் அதைக் கட்டமாட்டான். பழகிய கை சும்மா இராமல் கட்டியிருக்கிறது.

"பாத்தி நல்லாக் கட்டியிருக்க, மொக்கையா," என்றான்.

அவன் கையிலிருந்த குடம் நழுவிச் சரிவில் உருண்டது. ஓடுவான் என்று எதிர்பார்த்து பேச்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். அவன் ஓடவில்லை. கட்டிய வரப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

குழிக்குள் கிடக்கிறவன் இவன் என்றுதான் சீனிச்சாமி இவ்வளவு தூரம் வந்தான். இவன் உயிரோடு இருக்கிறான். அப்படியானால் எதை மறைக்க வீரணன் இத்தனை லோடு மண்ணை இறக்கினான்?

"சுந்தரம்மாள் எங்கடா?" என்றான்.

மொக்கையன் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு பேச ஆரம்பித்தபோது நிறுத்தவில்லை.

"கீழருந்து சரளை கொண்டாந்தா லாரி வாடகை கட்டுபடியாகலன்னு வீரணன் இந்தச் சரிவையே குடையச் சொன்னான்யா. அடியில குடைஞ்சு குடைஞ்சு உள்ள போயிட்டோம். அன்னிக்கு நல்ல மழை. நான் மேல நின்னு கடப்பாரை போட்டேன். அந்தப் பொம்பள தோட்டத்துல இருந்து ஊருக்கு எறங்கி வந்திருக்கா. மழைக்கு ஒதுங்கக் குடைஞ்ச இடத்துக்குள்ள போய் நின்னுருக்கா. எனக்குத் தெரியாதுய்யா. சத்தியமாத் தெரியாது. மரத்தோட சேந்து அம்புட்டும் வந்துருச்சு."

"அப்புறம்?"

"லாரி டிரைவரும் நானும் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பாத்தோம். கெடைச்சா. உசுரு இல்ல. போலீசுக்குப் போவோம்னேன். 'கடப்பாரை யாரு கையில இருந்துச்சு? உன்னைத்தான் தூக்குல போடுவாக'ன்னான் வீரணன். கொஞ்ச நேரம் கழிச்சு பீடி பத்த வச்சுக்கிட்டு, 'ஒரு வருசமா உன் குழியை மூடச் சொல்லி என் பின்னால அலையுறேல்ல? மூடித் தர்றேன். இந்த மண்ணும் போகும், அவளும் போவா, உன் நெலமும் வந்துரும். நீ வாயைப் பொத்திக்கிட்டு இங்கனயே கெட'ன்னான்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எம்மக ஆயம்மா விழுந்த குழிய்யா அது. அது மூடுனாப் போதும்னு இருந்துச்சு. சரின்னுட்டேன். அன்னிக்கு ராத்திரி லாரியில கூடப் போய் அவளை எறக்குனவனும் நாந்தான்."

சீனிச்சாமிக்கு அவனை அறையவேண்டும் போலிருந்தது, கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் நின்றான். வீரணன் ஒரு தகப்பனின் துக்கத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, அதையும் தோண்டி எடுத்து லாரியில் ஏற்றிவிட்டான் என்று நினைத்தபோது பல் நறநறத்தது.

பேச்சி பக்கத்தில் வந்து நின்றாள். இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "அவளை உன்கூட ஓடிப்போனவன்னு ஊரே பேசுதே. தெரியுமா?"

"தெரியும்."

"உம்பொண்டாட்டி தெனமும் அவளை வையிறா. அதுவும் தெரியுமா?"

மொக்கையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒருத்தி மழைக்கு ஒதுங்குனா. அவ உசுரும் போச்சு, பேரும் போச்சு. எந்திரிடா."

*

போடியில் ஜீப்பை நிறுத்தி, மொக்கையனைச் சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் உட்காரவைத்துச் சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்லவைத்தான் சீனிச்சாமி. சப்-இன்ஸ்பெக்டர் கேட்டு முடித்ததும் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கூடவே கிளம்பினார். எல்லாரும் சிலமலை போய்ச் சேர்ந்தபோது இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. செய்தி அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. வீரணன் காரில் சாய்ந்து நின்றான், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார், ஊர் வரப்பு நெடுகக் கூடியிருந்தது.

கருத்தம்மாள் புருஷன் ஜீப்பிலிருந்து இறங்குவதைப் பார்த்தாள். ஓர் அடி முன்னால் வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

"ஓடலையா?"

"இல்ல."

"இம்புட்டு நாளா எங்க இருந்த?"

அவன் சொன்னான். மலையில் சொன்ன அளவுக்குச் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கே புரிகிற அளவுக்குச் சொல்லிவிட்டான். குழாயடியில் பேச்சை நிறுத்துகிற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"கதை நல்லாருக்கு," என்றான் வீரணன். "எல்லாம் இவன் சொல்ற கதை. கடப்பாரை போட்டவன் என்மேல பழியைப் போடுறான். இவன் கேட்டான், நான் குழியை மூடிக் கொடுத்தேன். எங்கிட்ட ரிக்கார்டு இருக்கு. என்ன சார்?"

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "பட்டாதாரர்தான் சொல்லணும். மொக்கையா, இந்த நிலத்தைத் தோண்டலாமா வேண்டாமா? தோண்டுனா மறுபடி குழிதான். திரும்ப மூட யாரும் பொறுப்பில்ல, இப்பவே சொல்லிட்டேன்."

மொக்கையன் வரப்பு ஓரத்துக்கு வந்தான். கறுப்பு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணுக்கு அங்கே என்ன தெரிகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. பாசித் தண்ணீரும் அதில் மிதந்த சின்னப் பாவாடையும்தான்.

சீனிச்சாமி வெடித்தான். "உங்களுக்குக் கண்ணு இருக்கா சார்? செம்மண் நிலத்துல கறுப்பு மண்ணு கெடக்கு. அதுல ஏலம் மொளைச்சிருக்கு, அட்டை ஊருது. இதைப் பாத்துதான் 'அதே மேல் மண்ணு'ன்னு கையெழுத்துப் போட்டீகளா? இறங்கிப் பாத்தீகளா, கார்ல இருந்தே போட்டீகளா? குழந்தை செத்தப்ப வேலி எங்கன்னு கேக்கல. இப்ப பொம்பள செத்துக் கெடக்கா, அனுமதி எங்கன்னு கேக்குறீக."

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சப்-இன்ஸ்பெக்டர் வீரணனின் கார்ச் சாவிக்குக் கையை நீட்டினார். வீரணன் முதல் முறையாகத் தூக்கிப் பிடித்திருந்த வேட்டி நுனியை விட்டுவிட்டான். அது மண்ணில் புரண்டது.

"மேஜிஸ்திரேட் உத்தரவுக்கு எழுதுறேன்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "நாளைக்குள்ள வந்துரும். அதுவரைக்கும் இங்க ரெண்டு கான்ஸ்டபிள்..."

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு?"

கேட்டவள் கருத்தம்மாள். அவள் ஜீப்புக்குள் கிடந்த மண்வெட்டியை எடுத்திருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"அவ எந்தப் பக்கம் கெடக்கா?"

"குழி தொறந்துரும் கருத்தம்மா," என்றான் மொக்கையன். "ஆயம்மா விழுந்த குழி..."

"தொறக்கட்டும். எம்மக போனதுக்கு இன்னொருத்தி மகளை வச்சா அடைப்பாக? எந்தப் பக்கம்னு சொல்லு."

அவன் கிழக்கு வரப்பின் மூலையைக் கையால் காட்டினான். அவள் நேராக அங்கே நடந்தாள். மண்வெட்டியை ஓங்கிப் போட்டாள். கறுப்பு மண் ஈரத்தோடு பிளந்து வந்தது. இரண்டாவது வெட்டு, மூன்றாவது வெட்டு. ஊர்ப் பெண்களில் ஒருத்தி கூடையோடு இறங்கினாள், அவள் பின்னால் இன்னொருத்தி. பேச்சி சேலையைச் செருகிக்கொண்டு மண்ணை அள்ளத் தொடங்கினாள்.

கருத்தம்மாள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்டிக்கொண்டே குழிக்குள் பேசினாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில்.

"சுந்தரம், ரெண்டு மாசமா உன்னைத்தான் வஞ்சேன் ஆத்தா. என் வயக்காட்டுலயே கெடந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்க. இரு, வந்துட்டேன்."